நான் எழுதிய ஆட்சேபணை மனு

நான் அப்போது திருச்சியில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த வீட்டை முசிறி நெல் வியாபாரி ஒருவர் வாங்கினார். அங்கே என்ஜின் வைத்து ரைஸ் மில் நடத்த அவர் அனுமதி கேட்டிருப்பதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றும் முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டியது.

தெருவே கதிகலங்கிப் போயிற்று. இரைச்சல், உமித்தூசி, நெல் வண்டிகள் என்று ஆளுக்கொரு கவலை. ஆனால் உண்மையிலேயே பிழைப்பு போகக்கூடியவள் எதிர்வீட்டு அம்மாள்தான். புருஷன் ரங்கூன் போய் நாலு வருஷமாகக் கடிதம் இல்லை. இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அப்பளம் இட்டு, மொட்டை மாடியில் காயவைத்து, விற்றுக் காலம் தள்ளினாள்.

"என்ஜின் கரி ஒரு பொட்டு விழுந்தாப் போதும் தம்பி, அன்னிக்கு இட்டது அத்தனையும் போச்சு. கடைக்காரன் கையால தொடமாட்டான்" என்றாள்.

மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தெருவில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். படித்தும் உருப்படாதவன் என்று என் மனைவி இதைத் திருத்துவாள். மூன்று நாள் ஆபீஸில் உட்கார்ந்து, ஆபீஸ் காகிதத்தில், இது குடியிருப்புத் தெரு, இங்கே மில் கூடாது என்று ஏழு பக்கம் இங்கிலீஷில் எழுதினேன். அப்பளத்து அம்மாளின் மாடியை வர்ணித்தேன். வீட்டு வாசலில் மிஷின் போட்டுத் தைக்கும் தையற்காரர், இருபது பையன்களுக்கு டியூஷன் சொல்லும் வாத்தியார், வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் தேடி வரும் ஜோசியர் என்று ஒருவர் பிழைப்பையும் விடவில்லை. கூட்டம் போட்டுத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஒரு நாள் காலை சேர்மன் நேரில் பார்வையிட வந்தார். கூடவே சானிட்டரி இன்ஸ்பெக்டர், நெல் வியாபாரி, அவருடைய வக்கீல். வக்கீலின் கையில் என் மனுவின் நகல் இருந்தது.

"ரொம்ப அருமையா எழுதியிருக்காங்க" என்று ஆரம்பித்தார். நான் அடக்கத்துடன் தலைகுனிந்தேன். "ஆனா இதுல குடியிருப்புத் தெரு எங்கேங்க இருக்கு? தையல் நடக்குது, டியூஷன் நடக்குது, ஜோசியம் நடக்குது, அப்பளம் உற்பத்தியாகுது. நான் சொல்லலை, இவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இத்தனை தொழில் நடக்குற தெருவுல எங்க கட்சிக்காரர் மட்டும் என்ன பாவம் பண்ணினார்? இன்னொண்ணு. திங்கிற பண்டம் செஞ்சு விக்க லைசென்ஸ் வேணும். அந்த அம்மாகிட்ட இருக்கா?"

குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை.

சேர்மன் எதிர்வீட்டைப் பார்த்துத் திரும்பினார். அம்மாள் நிலைப்படியில் நின்றாள், கையெல்லாம் உளுந்துமாவு.

"ஏம்மா, நீங்க அப்பளம் விக்கிறீங்களா?"

இல்லை என்று சொன்னால் வக்கீலின் வாதம் ஆட்டம் காணும். ஆனால் நாளையிலிருந்து அவள் ஓர் அப்பளம்கூட விற்க முடியாது. ஆமாம் என்றால் மில் வந்துவிடும், அவளுக்கு அபராதமும் விழலாம்.

"வீட்டு உபயோகத்துக்குன்னு சொல்லுங்க" என்று ஜோசியர் கிசுகிசுத்தார். தையற்காரர் ஒத்துக்கொள்ள வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் ஆட்டினேன்.

அவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"விக்கிறேங்க. இங்க நிக்கிற அத்தனை பேரும் எங்கிட்டதான் வாங்குறாங்க."

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. புகைபோக்கியை உயர்த்திக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு மில்லுக்கு அனுமதி. அம்மாள் பதினைந்து நாளில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், தவறினால் அபராதம்.

"ஒரு பொய் சொல்ல வாய் வரலை பாருங்க" என்று ஜோசியர் அங்கலாய்த்தார்.

"அந்த அம்மாவை ஏன் சொல்றீங்க? எல்லாம் நம்ம பி.ஏ. பண்ணின வேலை" என்றார் தையற்காரர். அவர் என் சட்டைக்கு அளவெடுத்திருந்தார். அது பிறகு என் உடம்பில் ஏறவே இல்லை.

இரண்டு நாள் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் மன்னிப்பைச் சற்று விரிவாகவே தயார் செய்து வைத்திருந்தேன்.

"நான் பண்ணினது பெரிய..."

"அதெல்லாம் அப்புறம் தம்பி. லைசென்சுக்கு ஒரு விண்ணப்பம் எழுதணும்."

"நானா?"

"வேற யாருக்கு எழுதத் தெரியும் இங்க? லைசென்ஸ் வந்துட்டா நானும் தொழில்காரிதானே? என் சரக்குல கரி விழுந்தா நானே நேரா சேர்மன்கிட்டப் போய்க் கேப்பேன். யாரும் எனக்காக அழுது எழுத வேண்டாம் பாருங்க."

என் ஏழு பக்கத்தில் இந்த யோசனை எங்கும் இல்லை.

"தமிழ்லயே எழுதுங்க. நான் சொல்றதை மட்டும்."

பேர், கதவு நம்பர், அப்பளம் இட்டு விற்கிறேன், லைசென்ஸ் தர வேண்டும். அவ்வளவுதான் சொன்னாள். நடுவில் நல்ல உவமை ஒன்று எனக்கு வந்தது, விழுங்கிவிட்டேன்.

காகிதத்தை வாங்கி நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"'மிகவும் தாழ்மையுடன்'னு இருக்கே. நான் அப்படிச் சொல்லலையே?"

அடித்தேன். மறுபடியும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.