போதும் என்று சொல்லாத விருந்து

தலைநகரத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துப் பாருங்கள், உங்களுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று தெரியும். நாகர்கோவில் பக்கத்தில் ஒருவருக்குக் கண்ணில் புரை விழுந்தாலும், நிலத்தில் வழக்கு வந்தாலும், படித்த மகனுக்குச் சர்க்கார் வேலை கேட்க வேண்டியிருந்தாலும் திருவனந்தபுரத்துக்கு வந்தாக வேண்டும். வந்தால் எங்கள் வீட்டில்தான் பெட்டியை இறக்குவார்கள். என் வீட்டுக்காரர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. இரண்டு அறை, நாலு பிள்ளைகள், பின்னால் ஒரு கிணறு. யார் வந்தாலும் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது நான். நான் சொல்லும் வருஷத்தில் வேலை தேடி வந்த கொழுந்தன் மூன்று மாதமாக எங்களோடு இருந்தார். திடமான ஆள். பெஞ்சில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் சொல்வார், கொடுக்கிறவன் முகம் கோணாமல் கொடுக்க வேண்டும் என்று. நானும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கொடுத்தேன். முகத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்று சேசுநாதருக்குத்தான் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் கோபப்பட்டேன் என்பேன், பிள்ளையை அடித்தேன் என்பேன். களைத்துப்போனேன் சாமி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது பாவமா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

இத்தனையும் போதாதென்று ஒரு நேர்ச்சை வேறு. இரண்டாவது மகள் டைபாய்டில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று, இவள் பிழைத்தால் வருஷந்தோறும் சூசையப்பர் திருநாளுக்கு விருந்து வைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டேன். ஏழைகளில் ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு குழந்தை. மூன்று பேரையும் சூசையப்பர், மாதா, குழந்தை சேசு என்று நினைத்து, வாசலில் கால் கழுவிவிட்டு, உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். அவர்கள் எழுந்த பிறகுதான் வீட்டார் சாப்பிடலாம். அவர்களே போதும் என்று சொல்லும்வரை பரிமாறுகிறவள் கையை நிறுத்தக்கூடாது. மகள் பிழைத்தாள். நேர்ந்தவளும் நான், அடுப்பில் வேகிறவளும் நான்.

அது சண்டைக் காலம். பர்மா அரிசி வரத்து நின்று, அரிசிக்குக் கார்டு வந்துவிட்டது. பிள்ளைகள் காலையும் மாலையும் மரச்சீனிக் கிழங்கு தின்று, அதன் பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன. விருந்துக்காக அந்த வாரத்து அரிசியைத் தொடாமல் வைத்திருந்தேன்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். இந்த வருஷம் மட்டும் அவங்களுக்கும் மரச்சீனியே அவிச்சுப் போடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"மரச்சீனிக்கா மகளெ திருப்பித் தந்தாரு சூசையப்பரு?" என்று அவர் வாயை அடைத்தேன். மூன்று பேர் சாப்பிட்டது போக மீதிச் சோறு பிள்ளைகளுக்கு என்று சொல்லியிருந்தேன். ஐந்து நாளாக நாலும் அந்த மீதிச் சோற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தன.

ஆட்களைக் கோயில் உபதேசியார் அழைத்து வந்தார். கிழவர் வலியதுறைக்காரர், கடல்பாலத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்தவர். கூட வந்தவள் ஒரு கைம்பெண். அவள் இடுப்பில் இருந்தது பெண்குழந்தை. "ஆண்பிள்ளை ஒண்ணும் கிட்டல்ல. சேசு ஒண்ணும் நெனைக்கமாட்டாரு" என்று சொல்லிவிட்டு உபதேசியார் அடுத்த வீட்டு விருந்துக்கு ஓடினார்.

கால் கழுவி, செபம் சொல்லி, இலை போட்டேன். தபசுகாலம், இறைச்சி இல்லை. சோறும் சாளைமீன் குழம்பும்தான். குழந்தை நாலு வாய் தின்று தாயின் மடியிலேயே தூங்கிவிட்டது. அந்தப் பெண் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லத் தின்றுகொண்டிருந்தாள். கிழவரின் இலைதான் காலியாகிக்கொண்டே இருந்தது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா பாட்டா?" என்பேன். அவர் வாய் திறக்காமல் தலையை ஆட்டுவார். வைப்பேன். குனிந்து தின்பார். மறுபடி நான் கேட்பேன்.

கதவுக்குப் பின்னால் நாலு தலைகள். மூன்றாம் முறை நான் பானைக்குள் அகப்பையை விட்டபோது கடைக்குட்டி எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மா, நமக்கு இருக்கா?" என்றான். பெரியவள் அவன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தாள். எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சூசையப்பர் இடத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, இது வயிறா குதிரா என்று மனசுக்குள் திட்டினேன். ஆனாலும் கை நிற்கவில்லை. நிறுத்தினால் நேர்ச்சை முறியும், மகளுக்குக் காய்ச்சல் திரும்பி வரும் என்று பயம்.

ஐந்தாம் முறை அகப்பை பானையின் அடியைச் சுரண்டியது. வழித்து வைத்தேன். கிழவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. உருண்டையை வாய்வரை கொண்டுபோனவர், அங்கேயே கையை நிறுத்திவிட்டு அழத் தொடங்கினார்.

"அம்மா, என்னெ விட்டிருங்க. இனி ஒரு பருக்கை எறங்காது. வச்சத வேண்டாம்னு சொன்னா நேர்ச்சை பலிக்காது, அந்தப் பிள்ளெக்கு மறுபடி தீனம் வந்திரும்னு உபதேசியார் வழியில சொன்னாரு. அதுக்குப் பயந்துதான் தின்னேன்."

யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாதென்று அந்த மனிதர் மூச்சு முட்டத் தின்றிருக்கிறார். நானோ அவரைத் திட்டிக்கொண்டே வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பானையைச் சாய்த்துக் காட்டினேன். சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கும் முடியல்ல பாட்டா. ரொம்ப வருஷமா முடியல்ல."

வீட்டுக்காரர் கைகழுவக் கொண்டுவந்த செம்பைக் கீழே வைத்தார். பெஞ்சிலிருந்த கொழுந்தன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அதுவரை அம்மா என்று கூப்பிட்ட கிழவர், புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பெற்ற மகளிடம் சொல்வதுபோல, "அப்ப ரெண்டுபேரும் நிறுத்திருவோம் மக்கா" என்றார். மாதாவாக உட்கார்ந்திருந்தவளும் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்து, "எனக்கும் போதும்" என்றாள்.

அவர்கள் போன பிறகு பிள்ளைகளுக்கு மரச்சீனி அவிக்க வேண்டும். அடுக்களையில் தண்ணீர் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல்வரை போனேன். அங்கிருந்து திரும்பி வந்து அதைக் கொழுந்தன் முன்னால் வைத்தேன்.

"தம்பி, ரெண்டு வாளி தண்ணி கோரிக்கிட்டு வாங்க. எனக்கு முடியல்ல."

கிழவர் உட்கார்ந்த பாயிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். கொழுந்தன் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு போனார். முகம்கூடக் கோணவில்லை. மூன்று மாதமாக நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.