நாலு படகு தாண்டிப் போன கேள்வி

மூன்று வருடத்துக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் ஆழ்கடலுக்குப் போயிருந்த நேரம். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன அறையில் நடந்தது இது.

எனக்கு வடசேரியில் மோட்டார் உதிரிபாகக் கடை. பங்குச் சந்தையிலும் பல வருடமாக இருக்கிறேன். பிஸ்டன் ரிங் வாங்க வருகிறவர்கள், பங்குகளைப் போட்டு வைக்கிற டீமேட் கணக்கைப் பற்றியும் கேட்டுவிட்டுப் போவார்கள். நயமாகப் பேச எனக்கு வராது. யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னான் என்று பணத்தைப் போட்டுவிட்டு வந்து அழுதால், அழு என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

நான் ஒருவரை மட்டும் இப்படித் திட்டாமல் இருந்தேன் என்றால் அது என் தங்கையின் கணவரை. வளைகுடாவில் ஏசி மெக்கானிக். சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சத்துக்கு நல்ல கம்பெனிப் பங்குகளாகப் பார்த்து வாங்கிப் போடுவார். விலை இறங்கினால் இன்னும் கொஞ்சம் வாங்குவார். விற்கவே மாட்டார். ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்த இடத்தில், கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிக்கிற மனிதர். ஒருநாள் வேலை செய்கிற இடத்தில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்திருக்கிறார். பெட்டியில்தான் ஊருக்கு வந்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவருடைய கணக்கு விவரங்களை எடுத்துப் பார்த்தேன். நாமினி என்ற இடத்தில் அவருடைய தம்பியின் பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கு. அதற்குப் பிறகு கல்யாணம் நடந்தது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், வீட்டுக்கு மாடி எழும்பியது. அந்த ஒரு வரி மட்டும் மாறவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள், நான் திட்டினேன். எங்கள் பக்கத்தில் கல்ஃபுக்குப் போகிற பையன்கள் எல்லாரும் செய்கிற தவறுதான் இது. விமானம் ஏறுவதற்கு முன் அவசர அவசரமாகக் கணக்குத் திறப்பான். அம்மா பெயரையோ தம்பி பெயரையோ போடுவான். அதோடு மறந்துவிடுவான். பங்கு விலையை நாள் முழுக்கப் பார்க்கிறவனுக்கு, நாமினி யார் என்று ஒரு தடவை பார்க்க நேரம் இருக்காது.

நாமினி என்றால் சொத்துக்குச் சொந்தக்காரன் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். கணக்கு வைத்திருப்பவர் இறந்துபோனால் பங்குகள் முதலில் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கிற பெயர்தான் அது. அப்படி மாற்றுவதற்கு டிரான்ஸ்மிஷன் என்று பெயர். வாங்கி வைத்திருந்து, சட்டப்படி யார் வாரிசோ அவர்களுக்குக் கொடுக்க வேண்டியவன்தான் நாமினி. காவல்காரன் மாதிரி. ஆனால் சாவி காவல்காரன் கையில் இருக்கிறதே. பங்குகள் அவன் கணக்குக்குப் போன பிறகு, அவன் போனில் ஒரு பட்டனை அமுக்கி விற்றுவிட்டால், என் தங்கை வருடக்கணக்காகக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதுதான். அவளுக்கு வேறு பெரிய சொத்து கிடையாது. அந்த இரண்டு பிள்ளைகளுடைய படிப்பும் சாப்பாடும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

அந்தத் தம்பி ஆழ்கடல் மீன்பிடித் தொழிலாளி. இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு படகு வாங்கியிருந்தான். கழுத்து வரை கடன். அண்ணனுடைய பெட்டியை ஒரு பக்கம் அவன்தான் தோளில் வைத்துக்கொண்டு போனான். அடுத்த வாரமே படகில் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் போனதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. உறவில் ஒருவர் வேறு வந்து, "அவனுக்கு இஞ்சின் கடன் கெடக்கு. கையில வந்த பொருளை விடுவானா?" என்று ஏற்றிவிட்டுப் போனார். நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்து, திங்கட்கிழமை தடை உத்தரவு கேட்டு வழக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தங்கையிடம் கையெழுத்து வாங்கப் போனேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

"கேஸு போடுகதுக்கு மின்ன அவன்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும் அண்ணே."

"அவன் கடல்ல கெடக்கான். கரைக்கு வர மாசம் ஆவும். அதுக்குள்ள எவனாவது சொல்லிக் குடுத்துருவான்."

"வயர்லெஸ்ல கேளு."

"ஏட்டி, ஊரு முழுக்கக் கேக்கும்."

"கேக்கட்டு. நாம களவா செய்யோம்?"

அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போனேன். காலை நேரம். நான் சொன்ன அந்த ஆஸ்பெஸ்டாஸ் அறையில்தான் கரை வயர்லெஸ் செட் இருந்தது. படகுக்காரர்கள் சேர்ந்து வைத்திருப்பது. செட்டின் முன்னால் லுங்கியும் பனியனுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் நாலைந்து பெண்கள். அவர்களுடைய வீட்டு ஆண்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள்.

தம்பியின் படகில் சாட்டிலைட் போன் இல்லை. கரை செட்டின் சத்தம் கொஞ்ச தூரம்தான் எட்டும். அதற்கு அப்பால் இருக்கிற படகுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால், கரைக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லும். அது அதற்கடுத்த படகுக்குச் சொல்லும். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். எந்த ஊர்ப் படகு, யார் வீட்டுச் சேதி என்று பார்க்கமாட்டார்கள். மீனை விட்டுவிட்டும் சேதியைக் கடத்துவார்கள். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த அறையில் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை.

செட்டுக்காரர் அவன் படகு லட்சத்தீவுப் பக்கம் நிற்கிறது என்றார். "நாலு படகு தாண்டணும். சொல்லும், என்ன சேதி?"

நான் ஆரம்பித்தேன். டீமேட் கணக்கு, நாமினி, டிரான்ஸ்மிஷன், வாரிசுச் சான்றிதழ் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் மைக்கைக் கையில் எடுக்கவே இல்லை.

"ஓய், இது நாலு படகு தாண்டிப் போய்ச் சேரும்ப ஏதாவது மீனுக்க பேரா மாறிரும். அவன் வலையப் போட்டுருவான். மனுசன் பேசுக மாதிரி சொல்லும்."

பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். என் தங்கையும், அடக்கத்துக்குப் பிறகு முதல்தடவையாக, லேசாகச் சிரித்தாள். எனக்கு எரிச்சல். கடைசியில் இப்படிச் சொன்னேன்: "அண்ணன் வாங்கின ஷேரு எல்லாம் முதல்ல உனக்க பேருக்கு வரும். நீ அதுக்குக் காவல் மட்டும்தான். சொந்தம் மைனிக்கும் பிள்ளையளுக்கும். மாத்திக் குடுக்க ஒப்பு போடுவியா?"

"இது போவும்" என்றார் செட்டுக்காரர்.

"இன்னும் ஒண்ணு சொல்லணும். போடமாட்டேன்னா திங்கக்கிழமை கோர்ட்டுல பாப்போம்."

அவர் என் தங்கையைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். "வேணுமா அது?" என்று என்னிடம் கேட்டார்.

"வேணும். அப்படியே சொல்லும்."

அவர் முதல் படகைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அப்படியே சொன்னார். அந்தப் படகிலிருந்து ஒரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது, கோர்ட்டு உட்பட. அதன் பிறகு அந்தக் குரல் அடுத்த படகைக் கூப்பிடுவது கேட்டது. இரண்டாவது படகு பேசியது எங்களுக்கு இரைச்சலோடு, பாதி பாதியாகக் கேட்டது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெறும் கரகரப்பு.

காத்திருந்தோம். வெயில் ஏறியது. சேதி எப்படியோ வெளியே பரவி, இன்னும் சில பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு அம்மாள் என் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன ஒரு கேள்வி, நான் பார்க்காத மனிதர்களின் வாய் வழியாக, நான் பார்க்காத தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு என்னை என்னமோ செய்தது.

பிறகு செட் உயிர் வந்தது போலக் கத்தியது. முதல் படகுக்காரரின் அதே குரல்.

"மைனிட்ட சொல்லச் சொன்னான். அண்ணனுக்க பொருளு அண்ணனுக்க பிள்ளையளுக்கு. கரையில வந்த உடனே எங்க ஒப்பு போடச் சொன்னாலும் போடுவேன். பிள்ளையளுக்க பீஸு இப்பக் கெட்டணும்னா, படகு ஆபீஸ்ல எனக்கு வர வேண்டிய காசை வாங்கிக் கெட்டு. அண்ணன் செத்த வீட்டுல உக்காந்து இதைப் பேச எனக்கு வாய் வரல்ல. அதான் பேசாம வந்தேன். இவ்வளவுதான் சேதி."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. முதல் படகுக்காரர் தன் படகின் பெயரைச் சொல்லி, "கேட்டாச்சு" என்றார். அடுத்து இரைச்சலுக்குள்ளே இருந்து இன்னொரு குரல், இன்னொரு படகின் பெயர், "கேட்டாச்சு." பிறகு இன்னொன்று. சேதியைக் கடத்தாத படகுகள், சும்மா அந்த அலைவரிசையில் காதை வைத்திருந்த படகுகள்கூட ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தன. வயதான குரல்கள், இளசுக் குரல்கள், ஒருவர் இருமிக்கொண்டே சொன்னார்.

"இது என்னது?" என்று செட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஒருத்தன் கடல்ல வச்சு வாக்கு குடுத்தா, கேட்டவன் கேட்டேன்னு சொல்லணும். நாளைக்கு அவன் மாறிப் பேசினா இவனுவ எல்லாம் சாட்சி."

நான் கோர்ட்டுக்குப் போய் வாங்க நினைத்ததைவிடப் பெரிய ஒன்றை, மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதர்கள் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். வக்கீலுக்குப் போன் செய்து திங்கட்கிழமை வரமாட்டேன் என்றேன். அவர் காரணம் கேட்டார். கடலிலேயே தீர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தம்பி கரைக்கு வந்த மறுநாளே நாகர்கோவிலில் இருக்கிற பங்குப் புரோக்கர் அலுவலகத்துக்கு வந்துவிட்டான். டிரான்ஸ்மிஷன் முடிந்து, பங்குகள் அவன் கணக்குக்கு வந்து, அங்கிருந்து என் தங்கை கணக்குக்கு மாற்றுவதற்குள் சில வாரம் ஆகிவிட்டது. அத்தனை தடவையும் கூப்பிட்ட நேரத்தில் வந்தான். கடைசித் தாளில் கையெழுத்துப் போடும்போது, அங்கே இருந்த பெண் நல்ல எண்ணத்தில்தான், "அண்ணா, இப்போ இது உங்க பேர்லதான் இருக்கு. நல்லா யோசிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"கடல் முழுக்கக் கேட்டாச்சு மோளே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தேன். மனதில் ஒரு முள் இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். எப்படியோ ஆரம்பித்து, "அன்னைக்கு நான் கோர்ட்டுன்னு சொன்னத மனசுல வைக்காத" என்றேன்.

அவன் கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "எந்தக் கோர்ட்டு?"

"வயர்லெஸ்ல சொன்னேன்லா."

"அப்படி ஒண்ணும் வரல்லியே அண்ணே. ஒப்பு போடுவியான்னு கேட்டாவ. பிறவு, மைனி உன்னத்தான் நம்பி இருக்கான்னு சொன்னாவ. நான் அங்ஙனே படகுக்க முன்னால அணியத்துல போய் இருந்து, கண்ணீரு விட்டுக் கரைஞ்சிட்டேன். பிறவுதான் பதில் சொன்னேன்."

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. என் தங்கையும் சொல்லவில்லை. முதல் படகு கோர்ட்டு என்று திருப்பிச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதற்கு அப்பால் எங்கேயோ, இரைச்சலுக்குள்ளே, ஒருவன் என் மிரட்டலைக் கையில் வாங்கி, அதை அடுத்தவனுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் வேறு ஒன்றை வைத்து அனுப்பியிருக்கிறான். ஒரு சொல்லும் மாறாமல் கடத்துவதுதான் அங்கே முறை. அந்த முறையை அவன் எங்களுக்காக மீறியிருக்கிறான்.

யார் என்று தெரிந்துகொள்ள அந்த அறைக்குத் திரும்பப் போனேன். செட்டுக்காரர் படகுகள் கரைக்கு வந்தபோதெல்லாம் விசாரித்துப் பார்த்தார். கடத்தியவர்கள் எல்லாரும், "கேட்டதச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டார்கள்.

"செஞ்சவன் சொல்லமாட்டான் ஓய். விட்டுரும்" என்றார் அவர்.

நான் விடவில்லை. இப்போது என் தங்கையின் பிள்ளைகள் படிக்கிறார்கள். பங்குகள் அவள் கணக்கில் இருக்கின்றன, அதற்கு நாமினி யார் என்பதை நானே உட்கார்ந்து நிரப்பினேன். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருக்கிறது. தம்பி தன் மகளின் முதல் நற்கருணைத் திருவிருந்துக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தான். அங்கே உட்கார்ந்திருந்தபோதும், வந்திருந்த கடல்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் சுக்கானும் மறு கையில் மைக்குமாக, எனக்கும் என் கோபத்துக்கும் நடுவில் ஒரு நொடி நின்று, இது போக வேண்டாம் என்று முடிவு செய்த அந்த மனிதன் இவர்களில் யாராகவும் இருக்கலாம் என்பதால், அந்தக் கரையில் யாரைப் பார்த்தாலும் இப்போது எழுந்து நிற்கத்தான் எனக்குத் தோன்றுகிறது.