நீர் இறைக்கும் சிறுமி

அருங்காட்சியகச் சுவருக்காகப் பல துண்டுகளாய் அச்சடித்த பெரிய படத்தின் கடைசித் துண்டை ஒட்டப்போகையில், விரல்களில் பசை பிடிக்காமலிருக்க உள்ளங்கையில் பவுடரைக் கொட்டினேன். அந்த வாசம் என்னை இணுவிலில் எங்கடை கிணற்றடிக்கே கொண்டுபோய்விட்டது.

இப்போது மண் போட்டு மூடி மேலே கடைகள் எழும்பிவிட்ட அந்தக் கிணற்றடியில், துலா கிறீச்சிட, வாளி தளும்பத் தளும்ப இறைத்து, விடியக் காலமை வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டதெல்லாம் நான்தான். தங்கச்சி கிணற்றுக்கட்டிலே குந்தியிருந்து காலாட்டுவாள், அவ்வளவுதான். கொழும்பிலிருந்து வந்த மாமா கமெராவைத் தூக்கியதும் நான் சேறு கழுவி, சட்டை மாற்றி, முகத்துக்குப் பவுடர் பூச உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது, "பிலிம் முடிஞ்சு போச்சு, பிள்ளை" என்றார்.

நான் உள்ளே போன நேரத்தில் அவர் எடுத்த அந்த ஒற்றைப் படம்தான் இப்போது சுவர் முழுக்க. தங்கச்சி துலாக்கயிற்றைப் பிடித்தபடி, தானே இறைத்தவள் போலச் சிரிக்கிறாள். கீழே 'நீர் இறைக்கும் சிறுமி' என்று எழுதியிருக்கிறார்கள். கடைசித் துண்டையும் ஒட்டியதும், கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டுத் தங்கச்சி கேட்டாள்: "நான் வடிவா இருக்கிறன் என்ன? நீ அப்ப எங்கை நிண்டனி அக்கா?"

"உள்ளுக்கை," என்றேன்.

போனை வைத்துவிட்டு, காற்றுக் குமிழி நிற்காமல் அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தேன். கன்னங்களில் என் உள்ளங்கைகள் வெள்ளையாய்ப் பதிந்தன.

"துடைச்சு விடுங்கோ அக்கா," என்றாள் என்னோடு சேர்ந்து படம் ஒட்ட வந்திருந்த உதவிக்காரப் பிள்ளை.

"நிக்கட்டும். நாளைக்குத் துடைக்கலாம்."