தம்பி கையில் கட்டிய காப்பு

பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு வைத்து ஓட்டின காலம் அது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்கவில்லை. கீரனூர் ரோட்டில் மேடு வந்தால் ஏறியவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். கல்யாணத்துக்குப் போன மாப்பிள்ளை ஒருவரும் இறங்கித் தள்ளி, கரி அப்பிய முகத்தோடு தாலி கட்டினார் என்று ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தோம். அது கிடக்கட்டும். அந்தக் கரி பஸ் வந்த மறு வருஷம்தான் திருச்சிக் கல்லூரிக்காரர்கள் எங்கள் பக்கத்து ஹைஸ்கூலுக்கு வந்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எனக்கு மாடும் ஏரும்தான். தம்பி கடைசி வகுப்பில் இருந்தான், வகுப்பிலேயே முதல். பையன்களின் அப்பன்மாரையும் கூட்டி வரச் சொல்லியிருந்ததால் அப்பாவும் தம்பியும் நானும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். அம்பலக்காரரும் அதே வண்டியில் ஏறிக்கொண்டார். வழக்கானாலும் திருவிழாவானாலும் எங்கள் ஊரில் அவர் சொல்வதுதான். அவர் மகனும் தம்பி வகுப்புதான். தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணுகிறவன்.

கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து நின்றதும், எனக்குப் பின்னால் ஒருத்தர் முணுமுணுத்தார். "பட்டாளத்துக்கு ஆளு புடிக்க வந்தவனுகதேன்."

"ஓம் மவன் நெஞ்சுக்கு அங்க தவுலு வாசிக்கக்கூட எடுக்க மாட்டான். பேசாம ஒக்காருய்யா" என்றார் இன்னொருத்தர்.

வந்தவர்களில் பெரியவர் புரொபசர். நல்ல மனுஷர் போலத்தான் பேசினார். "பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு நாள் எங்களோட தங்கிப் பாருங்க. ஒரு ஊருக்கு ஒரு பையனை எடுத்துக்கறோம். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு." ஹெட்மாஸ்டர் தம்பியைக் காட்டினார். புரொபசர் அவன் தோளில் கை வைத்து, "நீ கட்டாயம் வரணும்" என்றார். அப்பா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போதும் அம்பலக்காரர் எங்கள் வண்டியில்தான். பொடி போட்டுக்கொண்டே வந்தார்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனியில்தான் திருவிழா, கடைசி வெள்ளிக்கிழமை தீச்சட்டி. காப்புக் கட்டுகிற அன்று ஊரில் இருந்தவர்கள், திருவிழா முடிகிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கையிலேயே காப்புக் கட்டிக்கொண்டவன் ஊர் எல்லையையே தாண்டக் கூடாது. கையில் கட்டுவது பூசாரிக்கும், முதல் தீச்சட்டி எடுக்கிறவனுக்கும் மட்டும்தான். அந்த முதல் சட்டி அம்பலக்காரர் வகையறாவுக்கு உண்டான மரியாதை. எங்கள் வீட்டுப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

அந்த வருஷம் வந்தது. அம்பலக்காரரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏப்பா, ஒம் மவன் படிச்ச புள்ள. இந்த வருசம் மொதச் சட்டிய அவன் எடுக்கணும்னு ஆத்தாளே வந்து சொன்ன மாதிரி இருக்கு."

அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாதான் கதவோரம் நின்று கேட்டாள். "அந்த வெள்ளிக்கெழமதானுங்களே திருச்சிக்குப் போகணும்?"

"அதுக்கென்ன தாயி. எம் மச்சினன் திருச்சியிலதேன இருக்கான். சாமி காரியம், ஒரு வாரம் கழிச்சு வாராகன்னு அவனப் போயிச் சொல்லச் சொல்றேன். படிச்சவுகளுக்கு இது தெரியாதா?"

தம்பி மெதுவாக, "அப்பா, எனக்கு வேணாம்ப்பா" என்றான்.

"வாய மூடுறா. யாரு வந்து கேக்குறாகன்னு தெரியுதா ஒனக்கு?"

காப்புக் கட்டு அன்று கோயிலில் தம்பி கையை நீட்டினான். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அம்மா அழுதாள். சந்தோஷத்தில் என்றுதான் நினைத்தோம். கூட்டத்தில் அம்பலக்காரர் மகனைக் காணோம். காய்ச்சல் என்று அவனை முதல் நாளே திருச்சி மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "பாவம், திருவிழாவ பாக்க முடியாமப் போச்சே" என்றார் அப்பா. மனசாரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தம்பி தீச்சட்டியோடு வந்தான். வீட்டுக்கு வீடு அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அம்பலக்காரரும் ஊற்றினார். குனிந்து, நன்றாகவே ஊற்றினார்.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு மூன்று பேரும் திருச்சிக்குக் கிளம்பினோம். மேட்டில் இறங்கி பஸ்ஸைத் தள்ளினோம். கரி அப்பிய கையோடு புரொபசர் முன்னால் போய் நின்றோம்.

"ஒங்க ஊர்ப் பையன் அன்னைக்கே வந்து சேர்ந்துட்டானே" என்றார். "நீ வரலையான்னு கேட்டேன். நீ சாமிக்கு நேர்ந்துக்கிட்டியாம், படிப்பு வேணாம்னுட்டியாம்னு அவன் மாமா சொன்னார். இவ்வளவு மார்க் வாங்கறவன் இப்படிப் பண்ணலாமா?"

அப்பா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை. "சாமி காரியமுங்க. சொல்லியனுப்புனோமுங்க" என்றார். புரொபசர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒரு ஊருக்கு ஒருத்தர்தாங்க. நான் என்ன செய்யறது?" தம்பி கையை உருவிக்கொண்டான்.

ஊருக்கு வந்து அம்பலக்காரரிடம் கேட்போம் என்றேன். "அவருட்டப் போயி என்னத்தக் கேக்குறது? ஊருக்குள்ள இருந்தாகணும்ல" என்றார் அப்பா. அதோடு சரி.

தம்பி கீரனூரில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டினான். காப்புக் கட்டுக்கு முதல் நாள் வருஷா வருஷம் ஊரைவிட்டுப் போய்விடுவான். சாகிறவரை ஒரு திருவிழாவுக்கும் இருந்ததில்லை.

இப்போதும் கல்லூரிக்காரர்கள் அந்த ஹைஸ்கூலுக்கு வேனில் வருகிறார்கள். போன தடவை அம்பலக்காரர் மகன் மேடையில் இருந்தான். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவன். "அந்தக் காலத்துல எங்க ஊர்ல படிக்கணும்னு நெனச்சது நான் ஒருத்தன்தான். மத்தவங்க சாமி, திருவிழான்னு இருந்துட்டாங்க" என்று மைக்கில் சொன்னான். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு மைக் தர மாட்டார்கள். எழுதிக்கொள்கிற நீங்கள், அங்கே வருகிற அப்பன்மாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு பெரிய மனுஷன் வாசலுக்கு வந்து மரியாதை தந்தாலும், கையை நீட்டும் முன்னால் அவன் மகன் எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள்.