செங்கமலத்தின் கடைசித் தாள்

ரெமிஜியஸ் அண்ணனின் தொழிலுக்கும் குணத்துக்கும் ஏழாம் பொருத்தம். தொழில், தஞ்சாவூர் கீழவாசலில் பழைய பேப்பர் கடை. குணமோ, எந்தத் தாளையும் பிரித்துப் பார்க்காமல் தராசில் வைக்காத குணம். யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையானாலும் மண்டபம் எது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. என்னிடம் யார் எதை நகலெடுக்க வந்தாலும் எட்டிப் பார்ப்பார். எத்தனையோ முறை திட்டியாகிவிட்டது. திருந்துகிற ஜென்மம் இல்லை.

போன ஆடியில் திருவையாற்றுப் பக்கம் ஒரு வீட்டை விற்றுக் காலி செய்தார்கள். அந்த வீட்டுப் பெண் காமு மாமி சென்னையிலிருந்து வந்து, இரண்டு சாக்கு நிறையப் புத்தகங்களை இவரிடம் போட்டுவிட்டுப் போனார். முதல் சாக்கில் சிவப்பு முதுகு போட்ட ஐந்து பைண்டு புத்தகங்கள் இருந்தன. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைத் தாள் தாளாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. கதையின் பெயர் ‘செங்கமலம்’. முதல் பாகத்தில் அவளுக்கு எட்டு வயது, ஐந்தாம் பாகத்தில் பதினேழு.

நடுநடுவே இருந்த பழைய கூந்தல் தைல விளம்பரங்களைப் பார்க்கத்தான் அண்ணன் புரட்டினார். பிறகு தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

“ஷீபா, இந்தப் புள்ள மதகு மேல ஏறி வாய்க்கால்ல குதிச்சிட்டு, வீட்டுல மழையில நனைஞ்சேன்னு சொல்லுது. சித்திரை மாசத்துல!”

நான்காம் பாகத்தில் செங்கமலம் வயதுக்கு வந்ததும் அவள் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். அன்றைக்கு அண்ணன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

“அந்தாளு மட்டும் என் கையில கெடைக்கட்டும்!”

“அண்ணே, அது கதை.”

“கதைன்னா? நிறுத்திடலாமா?”

ஐந்தாம் பாகத்தில் அவள் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதித் தேறுகிறாள். கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் வருகிற அதே நாளில் பெண் பார்க்கவும் வருகிறார்கள். கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அவள் கூடத்து வாசலில் நிற்கிறாள். அதற்கு அடுத்த தாள் இல்லை. கிழிந்து போகவில்லை, தைக்கும்போதே இல்லை.

அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கடைக்கு வந்து, போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் காமு மாமியைக் கூப்பிட்டார்.

“மாமி, செங்கமலம் என்னங்க ஆனா?”

மாமி முதலில் சிரித்தார். “எனக்கும் தெரியாது. கதை முடியற சமயத்துல எனக்குக் கல்யாணம் ஆயிடுத்து. புக்காத்துல பத்திரிகை கிடையாது. தங்கை ஹம்சத்வனிதான் மிச்சத்தைச் சேர்த்து பைண்ட் பண்ணினா. தலைப் பிரசவத்துக்கு வந்தப்போ பாக்கறேன், கடைசித் தாள் இல்லை. ஹம்சாவும் அப்போ பம்பாய் போயிட்டா. கையில கொழந்தையை வெச்சுண்டு, கதை என்ன ஆச்சுன்னு லெட்டர் போட வெக்கமா இருந்தது. இப்போ அவளும் இல்லை. விடுங்கோ, செங்கமலத்துக்கும் கல்யாணம்தான் ஆயிருக்கும். வேறென்ன ஆகும்?”

போனை வைத்ததும் நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தாளின் இரண்டு பக்கத்தையும் பார்ப்பது என் தொழில் புத்தி. சில தாள்களுக்குப் பின்னால் வேறொரு தொடர்கதை தொடங்கியது, கைத்துப்பாக்கிப் படத்தோடு. அவற்றின் ஓரத்தில் பென்சிலால், ‘ஹம்சாவுக்குக் காட்டியாச்சு’ என்று எழுதியிருந்தது.

“அண்ணே, தங்கச்சி துப்பறியும் கதை சேர்த்திருக்காங்க. ஒரே தாள்ல ரெண்டு கதையும் வந்தா தாள் அக்காவுக்கு. தங்கச்சி படிச்சதும் அக்கா இப்படி எழுதி வச்சிருக்காங்க. கடைசி வாரம் அக்கா வீட்டுலயே இல்ல. அப்ப தாள் யாருகிட்ட இருக்கும்?”

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. துப்பாக்கிப் படம் போட்ட புத்தகம் இரண்டாவது சாக்கில் இருந்தது. அதைச் சாக்கோடு பக்கீர் முகம்மதுவின் பக்கோடா கடைக்கு எடை போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

செருப்பைக் கூட மாட்டாமல் ஓடினார். முக்கால் மணி நேரம் கழித்து, முன்பாதி பொட்டலமாகப் போய்விட்ட ஒரு புத்தகத்தோடு வந்தார். நடுவில் அந்தத் தாள், ஒரு மூலையில் எண்ணெய்க் கறையோடு பிழைத்துக் கிடந்தது. ஓரத்தில் வேறு கையெழுத்தில் பென்சில் வரி: ‘காமுவுக்குக் காட்டணும்.’

எதையும் முதல் ஆளாகப் படிக்கிற அந்த மனிதர் அதைப் படிக்கவில்லை. மாமியைக் கூப்பிட்டு, அவர் கேட்கக் கேட்கத்தான் வாசித்தார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுச் செங்கமலம் அப்பாவிடம் கடிதத்தை நீட்டுகிறாள். அப்பா அதை மூன்று முறை படிக்கிறார். வந்தவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறார். கடைசி வரியில் அவளுடைய டிரங்குப் பெட்டியை அப்பாவே தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடக்கிறார்.

“அப்போ அவ போயிட்டாளா?” என்றார் மாமி. “அம்பத்தஞ்சு வருஷமா, எனக்கு ஆன மாதிரியேதான் அவளுக்கும் ஆயிருக்கும்னு நெனைச்சுண்டிருந்தேன்.” குரல் உடைந்தது. “இன்னொரு தரம் படிங்கோ.”

அண்ணன் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். நகலெடுக்க நின்றிருந்த இரண்டு பேரும் அவசரப்படுத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. வாசித்து முடித்ததும் அவர் என் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, ஹம்சாவின் வரிக்குக் கீழே, ‘காட்டியாச்சு’ என்று எழுதினார்.