வழி சொன்ன குரல்

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் சிலர் அக்காவை ஆலயப் பாடகர் குழுவில் பார்த்திருப்பீர்கள். சிலர் ஒரகடம் பக்கத்தில் அவரோடு வேலை செய்திருப்பீர்கள். இன்னும் சிலருக்குக் கார் பந்தயங்களில் தலைக்கவசம் போட்ட முகம் மட்டுமே தெரிந்திருக்கும். மூவரும் ஒருவரே என்பதை நம்புவது, கூடப் பிறந்த எனக்கே சில நாள் சிரமமாக இருந்தது.

நாங்கள் பிறந்தது கிழக்குத் தாம்பரத்தில். அப்பா எங்கள் சிறு வயதிலேயே தவறிவிட்டார். அம்மா பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து எங்களைப் படிக்க வைத்தார். அக்கா ஆலயத்து ஆர்மோனியத்தைத் தானாகவே பழகிக்கொண்டார். பிறகு இயந்திரப் பொறியியல் படித்து, கார் என்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருளை எழுதும் வேலையில், ஒரகடத்துக் கார் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அந்தக் கார்களை ஓட்டிச் சோதிப்பவராக அத்தான் அங்கே இருந்தார். திருமணத்துக்குப் பின் இருவரும் முடிச்சூரில் குடியேறினார்கள்.

அத்தான் விடுமுறைகளில் மலைச்சாலைப் பந்தயங்களுக்குப் போவார். அதில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வர வேண்டும். அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்தார்.

“பயமா இல்லையாக்கா?” என்று கேட்டேன்.

“பாட்டுல அடுத்த வரி தெரிஞ்சாதானே இந்த வரியில மூச்சு விட முடியும்? அவருக்கு நான் அடுத்த வரியைச் சொல்றேன், அவ்வளவுதான்.”

நாற்பதைத் தாண்டியபோது அக்காவின் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அது குரல் நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்தது. நரம்போடுதான் எடுக்க வேண்டும், பிறகு மெல்லிய காற்றுக் குரல்தான் மிஞ்சும் என்று மருத்துவர் சொன்னார். அம்மாவும் நானும் அழுதோம். அக்கா வீட்டுக்கு வந்து, நிறுத்தியிருந்த காரின் கண்ணாடிகளைப் போர்வைகளால் மூடச் சொன்னார். வெளிச் சத்தம் வரக் கூடாதாம். உள்ளே உட்கார்ந்து, பந்தயத்தில் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றையும் நிதானமாக ஒரு முறை, அவசரமாக ஒரு முறை என்று பதிவு செய்தார். நான் மைக்கைப் பிடித்திருந்தேன். அது சாய்ந்துகொண்டே போனது.

“நேராப் பிடிடி. ‘இடது’ நல்லா வந்திருக்கு. ‘வலது’ சரியில்ல, இன்னொரு தடவை சொல்றேன்.”

அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த ஓய்வு மாதங்களில், விசையை அழுத்தினால் அந்தச் சொற்களை ஓட்டுபவரின் தலைக்கவசத்துக்குள் பேசும் சிறு பெட்டி ஒன்றை அக்கா செய்து முடித்தார். அதற்கான மென்பொருளும் அவருடையதே. அத்தான் அதை ஒரு முறை கேட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

“வேணாம்மா. உன் குரலைக் கேட்டா எனக்கு ரோடு தெரியாது.”

அக்கா அவர் அருகில் போய், காற்றுக் குரலில் சொன்னார். “குரல் பழசு. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது நான்தான். ரோடைப் பாருங்க.”

அடுத்த பந்தயத்துக்கு நானும் போனேன். மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் போனவர்கள் பலர் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தார்கள். எங்கள் கார், சாலை முழுக்கத் தெரிவது போல வந்து நின்றது. அத்தான் வெகுநேரம் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. அவர்கள் பிரிவில் இரண்டாம் இடம். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதும் அக்கா என் காதில் சொன்னது, “ஒரு வளைவுல லேட்டா அழுத்திட்டேன்.” இவரோடா ஒரே பாயில் படுத்து வளர்ந்தேன் என்று மலைத்துப் போனேன்.

பாட முடியாதவர் பாடகர் குழுவை விட்டு விலகுவார் என்று நினைத்தோம். அக்கா முன்னால் வந்து நின்று, கையசைத்துக் குழுவை நடத்த ஆரம்பித்தார். சில ஆண்டுகள் அப்படிப் போயின. பிறகு நோய் நுரையீரலில் திரும்பி வந்தது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேலையைப் பங்கிட்டுக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் காரோடு வாசலில் நின்ற படப்பை மெக்கானிக் தம்பிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பாடகர் குழுவினருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி ஞாயிறு மாலை நீங்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று பாடினீர்கள். பாதியில் அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். பெண்கள் பக்கம் சுருதி இறங்கிவிட்டதென்று விரலால் காட்டி, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முழுவதையும் பிசகில்லாமல் பாடினீர்கள். அக்கா தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விடியும்போது அவர் இல்லை.

அன்று மறுபடியும் பாடியதற்கு நன்றி.