வாழப்பாடியில் ஒரு காவி எண்

எண்பத்தேழாம் ஆண்டு, பங்குனி வெயில். காலை ஏழு மணிக்குச் சேலத்தில் ஆத்தூர் பஸ் ஏறினேன். வாழப்பாடி முப்பது கிலோமீட்டர். டிக்கெட் இரண்டே முக்கால் ரூபாய். பையில் ஆய்வுத் தாள்கள், காவி டப்பா, தூரிகை. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்களுக்கு என்னென்ன நோய் என்று கேட்டு எழுதும் வேலை. பஸ்ஸில் கண்ணயர்ந்தால் செருப்பு போய்விடும் என்று முழித்தே வருகிற ஆள் நான். போதாததற்கு மேலதிகாரி, “அதுங்க சொல்றதை அப்படியே நம்பிடாதீங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் டப்பாவைப் பார்த்தார்.

“ஏனுங்க, சுவத்துல நம்பர் போடற மலேரியாக்காரருங்களா?”

“ஆமாங்க” என்று புளுகினேன்.

எட்டேகால். சந்தைக்குப் பின்னால் பன்னிரண்டு வீட்டுத் தெரு. கடைசி வீட்டில் ராணி வாடகைக்கு இருந்தார். மரவள்ளிக் கிழங்கு மில்லில் தோல் உரிக்கிற வேலை. கதவைப் பாதிதான் திறந்தார்.

“ஆத்தூர்ல இப்படித்தான் ஒரு சார் எழுதிக்கிட்டுப் போனாருங்க. நோய்க்காரின்னு தெருவே பேசி, ஊட்டைக் காலி பண்ண வெச்சிட்டாங்க. நீங்க வந்தது யாருக்கும் தெரியாதுங்களே?”

“சத்தியமாத் தெரியாது.”

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். தாகமில்லை என்றேன். தொண்டை வறண்டுதான் கிடந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கேள்விகளெல்லாம் எத்தனை பேருடன், என்ன வியாதி என்றே போயின. கிழங்குத் தண்ணீரில் ஊறிப் புண்ணான விரல்களை நீட்டி, “இதை எழுத மாட்டீங்களா சார்?” என்றார். தாளில் அதற்கு இடமில்லை.

கேட்டு முடித்த வீட்டுச் சுவரில் காவியால் எண் போடுவது எங்கள் வழக்கம். ராணி என் கணக்கில் பதினான்காவது ஆள். வெளியே வந்ததும் கை தன்பாட்டில் 14 என்று எழுதிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மத்த ஊட்டுக்கெல்லாம் நம்பர் இல்லீங்களே சார்?” ராணி வாசலுக்கே வந்துவிட்டார்.

அடப் பாவமே, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன்! துண்டால் துடைத்தேன், சிவப்பு இழுகி இன்னும் பெரிதானது.

“என்னங்க எழுதறீங்க?” என்றாள் எதிர்வீட்டு அம்மாள்.

“மலேரியாங்க. தெரு பூராவும் எழுதணும்.”

மற்ற பதினொரு வீட்டுக்கும் எண் போட்டுவிட்டுத் திரும்பினேன். மணி ஒன்பதரை. ராணியின் முகம் தெளியவில்லை.

“சுவரு சரிங்க. பையில இருக்கற பேப்பர்ல இந்தத் தெருவுல என் பேரு மட்டுந்தானே இருக்குது?”

தாளை உருவிக் கொடுத்தேன். அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் தண்ணீர் கேட்டேன்.

“தாகமில்லைன்னீங்களே” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் சேலம் திரும்பி, ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டுப் படியேறினேன். கதவோரம் மலேரியாக்காரர்கள் எப்போதோ எழுதிய எண் இருந்தது. அதற்காக என்னை யாரும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதில்லை.